தெர்மாமீட்டருக்கு ஆணி அடித்த இடம்

மைனஸ் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. குளிர்பதனக் கிடங்கின் உள்ளறை எந்நேரமும் மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் கவனித்ததில் பதினெட்டு உதிர்ந்து மைனஸ் மட்டும் ஒட்டிக்கொண்டது. மரியாதை தெரிந்தவர்கள் 'மைனஸ் சார்' என்றார்கள்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஈரமான படுக்கை விரிப்பு ஒரு பக்கம் நீராவி உருளைக்குள் நுழைந்து மறுபக்கம் பளபளவென்று வெளியே வரும். வெளியே வருகிற பக்கத்தில் பத்தொன்பது வருடமாக நின்றவர் அவர். அங்கே அவருக்கு ஸ்டீமக்கா என்று பெயர்.

காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். ஒருவர் பனிக்கட்டிக்குப் போக இறங்குவார், இன்னொருவர் ஆவிக்குப் போக அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார். மாலையில் இந்த இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்தால் சராசரியாக ஒரு சுகமான தட்பவெப்பம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டின் தட்பவெப்பம் முழுக்க மைனஸின் கையில் இருந்தது. நாளெல்லாம் உறைந்துவிட்டு வருகிற மனிதர் ஆயிற்றே! வந்ததும் ஜன்னலைச் சாத்துவார். மின்விசிறி ரெகுலேட்டரின் குமிழைக் கல்யாணமான புதிதிலேயே கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார். குமிழ் இருந்த இடத்தில் ஒரு இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீமக்கா அதில் சாவிக்கொத்தை மாட்டி வைப்பார்.

"ஏங்க, அந்தக் குமிழை எங்கதான் வச்சீங்க?"

"பத்திரமா இருக்கு."

இதுதான் அந்த வீட்டில் தட்பவெப்பம் பற்றி நடந்த பேச்சுவார்த்தை. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும்.

மைனஸின் விரல்கள் வெளுக்கத் தொடங்கியது நாற்பத்தெட்டாவது வயதில். முதலில் நுனி, அப்புறம் ஒரு கணு, அப்புறம் இரண்டு. சட்டைப் பித்தானைப் போட கால்மணி நேரம் ஆனது. டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் ஸ்டீமக்கா உட்கார்ந்திருந்தார்.

"குளிர் பட்டா உங்க ரத்தக்குழாய் பயந்து சுருங்கிக்குது. கிடங்கு வேலையை விட்டுடுங்க. குளிர் ஊர் பக்கமும் தலை வச்சுப் படுக்காதீங்க. அப்படியே விட்டீங்கன்னா நாலஞ்சு வருஷத்துல நுனி கருத்துடும். அப்புறம் எங்கிட்ட வராதீங்க, நேரா சர்ஜன்கிட்ட போயிடுங்க."

மைனஸ் வேலையை விட்டார். அந்த மாதமே ஸ்டீமக்காவுக்கு வெளிநாட்டுக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரித் துணியைக் கிருமி இல்லாமல் துவைத்து மடிக்கத் தெரிந்தவர்களுக்கு உலகத்தில் அவ்வளவு தட்டுப்பாடு என்று அவருக்கே அதுவரை தெரியாது. ஒரே நாட்டில் இரண்டு ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டன. ஒன்று தெற்கே, கடலோரத்தில். இன்னொன்று உள்நாட்டில், ஸ்டீமக்காவின் தம்பி பஸ் ஓட்டுகிற ஊரில். எதில் சேர்வது என்று சொல்ல ஒரு வருடம் அவகாசம்.

"நான் எங்க போனாலும் துணிதான் மடிக்கப் போறேன். ஊரை நீங்களே பார்த்துச் சொல்லுங்க. உங்க கைதானே முக்கியம்" என்றார் ஸ்டீமக்கா.

மைனஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று மச்சானுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். மச்சான் "ம்" என்றான். அந்த 'ம்'மை அவர் அன்றைக்கே கொஞ்சம் உற்றுக் கேட்டிருக்கலாம்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது என்றால் நாம் என்ன செய்வோம்? ஃபோனில் அந்த ஊர்ப் பெயரைத் தட்டி எத்தனை டிகிரி என்று பார்ப்போம். மைனஸ் அதைச் செய்ய மாட்டார். வெப்பநிலை எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தவர் அவர்.

கிடங்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். உள்ளறையில் கதவருகே இருக்கிற மீன் பெட்டிகள் மைனஸ் ஒன்பதில் தொளதொளவென்று கிடக்கும். ஆய்வாளர் வருகிற அன்று காலை மைனஸ் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய், குளிர்காற்றை ஊதுகிற விசிறிக்கு நேர் எதிரே ஓர் ஆணியில் மாட்டுவார். அங்கே எப்போதும் சரியாக மைனஸ் பதினெட்டு காட்டும். ஆய்வாளர் பார்ப்பார், எழுதுவார், நடுங்கிக்கொண்டே வெளியே ஓடுவார். மச்சான் வெளிநாடு போவதற்கு முன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்தத் தொழில் ரகசியத்தை மைனஸ் விலாவாரியாகச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

"அப்ப தெர்மாமீட்டர் பொய் சொல்லுதா மாமா?"

"அது எங்க மச்சான் பொய் சொல்லும்? எந்த இடத்துல தொங்குதோ அந்த இடத்தோட உண்மையைச் சொல்லும். மத்த இடத்தைப் பத்தி அதுக்கு என்ன கவலை?"

அன்றைக்கு ஸ்டீமக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "எங்க சலவைக்கூடத்துப் பின்சுவத்துல டிரையர் குழாய் வெளிய வர்ற இடம் ஒண்ணு இருக்கு. கொட்டுற மழையிலகூடப் பூனை அங்கதான் படுத்துத் தூங்கும். உங்க தெர்மாமீட்டரை அங்க மாட்டினா கோடைக்காலம்னு சொல்லும்" என்றார். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மைனஸும்தான்.

ஆகவே, யாரோ எங்கேயோ மாட்டிய கருவி சொல்வதை நம்ப அவர் தயாராக இல்லை. நம்பிக்கையான ஆள் மாட்ட வேண்டும். கிடங்கிலிருந்து கொண்டுவந்த இரண்டு கண்ணாடி தெர்மாமீட்டர்களில் ஒன்றைப் பஞ்சு சுற்றி மச்சானுக்கு அனுப்பினார். கூடவே எழுத்தில் கட்டளை: வீட்டுக்கு வெளியே மாட்டு. வெயில் நேராகப் படக் கூடாது. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. தெற்கத்திய ஊரில் அவருக்கு ஆள் கிடையாது. அதற்கு வேறு வழியில்லாமல் ஃபோன் காட்டியதையே நோட்டில் எழுதினார். எழுதும்போதே பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

படங்கள் வரத் தொடங்கின. இருபத்தாறு. இருபத்தைந்து. இருபத்தாறு. குளிர்காலம் என்று பஞ்சாங்கம் சொல்கிற மாதங்களிலும் இருபத்தைந்துக்குக் கீழே போகவில்லை. மைனஸ் ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கி, சிவப்புக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, மீண்டும் ஒருமுறை பார்த்து, எழுதுவார். பல படங்களில் கீழ் மூலையில் ஒரு பூனை வால் தெரிந்தது.

"பார்த்தியா, பூனை வெளியில படுத்திருக்கு. குளிர்னா பூனை படுக்குமா? கருவி பொய் சொல்லலாம், பூனை சொல்லாது" என்று மனைவிக்குக் காட்டினார்.

"அட, ஆமாங்க" என்றார் ஸ்டீமக்கா.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வராது. கேட்டதற்கு, "ஒரு நாளாவது தூங்க விடுங்க மாமா" என்றான் மச்சான். நியாயம்தான். ஆய்வாளர்கள்கூட ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.

முடிவு சொல்ல வேண்டிய வாரம் வந்தது. ஸ்டீமக்கா தன் ஃபோனை நீட்டி, "எதுக்கும் நல்லா யோசிச்சுக்குங்க. தம்பி ஊருக்கு இதுல நாலு டிகிரின்னு போட்டிருக்கான்" என்றார்.

மைனஸ் சிரித்தார். இந்தச் சிரிப்பு தொழில் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பது. "அது விமான நிலையத்துல வச்சிருப்பான். வெட்டவெளி, காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். அந்த நாலுக்கு ஊர் என்ன பண்ணும்? நான் இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தவன். எனக்கே காது குத்துறியா?"

"எனக்கு என்னங்க தெரியும்? கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

தன் கணவரை ஒரு பக்கம் தள்ள வேண்டுமானால் மறுபக்கத்திலிருந்து இழுக்க வேண்டும் என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் ஸ்டீமக்கா படித்த பாடம். மைனஸ் அன்றைக்கே தெற்கத்திய ஆஸ்பத்திரிக்கு நன்றி தெரிவித்து மறுப்புக் கடிதம் தட்டினார். அவர் விரலால், ஒவ்வொரு எழுத்தாக. ஸ்டீமக்கா கையெழுத்து மட்டும் போட்டார்.

பெட்டி கட்டும்போது அடியில் ஆறு ஜோடி கம்பளிக் கையுறை இருந்ததை மைனஸ் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"விமானத்துல ஏசி குளிருமாமே."

"அதுக்கு ஆறு ஜோடியா?"

"வழியில தொலைஞ்சா?"

போனபோது அங்கே கோடையின் கடைசி. மைனஸ் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். விரல்கள் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தன. மச்சான் தெர்மாமீட்டரைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டான். "எதுக்கு மச்சான் கழட்டின? அங்கேயே இருக்கட்டுமே" என்றதற்கு, "உங்க பொருள் மாமா, உடைஞ்சா பொறுப்பு என் தலையில விழும்" என்றான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மச்சான் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டு அறை வீடு. மைனஸ் அதன் ஜன்னலுக்கு வெளியே தெர்மாமீட்டரை மாட்டினார். ஸ்டீமக்கா புது வேலையிலிருந்து நடந்து வீட்டுக்கு வருவார். வந்து ஜன்னலை அகலத் திறந்து வைப்பார். மைனஸ் அதைச் சாத்தவில்லை. சாத்தத் தேவைப்படாத ஊருக்கல்லவா வந்திருந்தார்!

ஏழு வாரம் இப்படிப் போனது.

எட்டாவது வாரம் சிவப்புக் கோடு இறங்கத் தொடங்கியது. பதினைந்து. பதினொன்று. "இது ஏதோ காத்தழுத்தம்" என்றார். ஒன்பது. "ரெண்டு நாள்ல சரியாயிடும்." ஒரு திங்கட்கிழமை காலை மூன்று. வாசலில் நிறுத்தியிருந்த கார்களின் கூரையெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அவர் விரல்களும்தான்.

மைனஸ் தெர்மாமீட்டரைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு நடந்தார். கருவி பழுதாகியிருக்கும். பழைய ஆணியில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மச்சான் குடியிருந்தது முதல் மாடியில். கீழே ஒரு கடை. காசு போட்டால் துணி துவைத்துக் காய வைத்துக் கொடுக்கிற இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். கதவில், இத்தனை நாள் அவர் கவனிக்காத ஓர் அறிவிப்பு: காலை ஆறு மணி முதல். ஞாயிறு விடுமுறை.

ஞாயிறு விடுமுறை என்று அவர் வாய்விட்டு ஒருமுறை படித்தார்.

பிறகு பின்சந்துக்குள் போனார். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பிவலைச் சட்டம். அதிலிருந்து புஸ்ஸென்று வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது. வலையைச் சுற்றிச் சாம்பல் நிறத் துணிப் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. அதன் கீழே, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாமல், அந்த வால் படுத்திருந்தது. இப்போது அதோடு முழுப் பூனையும் இருந்தது.

சட்டத்துக்கு மேலே சுவரில் மூன்று துளைகள். மூன்றாவதில் ஆணி இன்னும் இருந்தது. தெர்மாமீட்டரை அதில் மாட்டினார். சிவப்புக் கோடு மெல்ல எழுந்து, அவர் நோட்டில் மாதக்கணக்காக எழுதிய இடத்தில் போய் நின்றது.

மச்சான் வேலைக்குக் கிளம்பிப் படியில் இறங்கி வந்தான். சந்தின் முனையிலேயே அவரைப் பார்த்துவிட்டான். ஓடலாமா என்று ஒரு நொடி யோசித்தது அவன் காலில் தெரிந்தது.

"நான் ஆணி மட்டும்தான் அடிச்சேன் மாமா."

"மூணு ஆணியா?"

மச்சான் சுவரைப் பார்த்தான். பிறகு பூனையைப் பார்த்தான். அதனிடமிருந்து உதவி வரவில்லை. "முதல்ல அடிச்ச இடத்துல முப்பத்தெட்டு காட்டுச்சு. மாமா நம்ப மாட்டார், இன்னும் ரெண்டு சாண் தள்ளி அடிடான்னு அக்காதான் ஃபோன்ல சொல்லுச்சு. என்னை வளர்த்தவ கேக்குறா, நான் என்ன பண்ணுவேன்?"

மச்சான் சுயமாகச் செய்திருந்தால் மைனஸ் அவனைத் திட்டித் தீர்த்திருப்பார், அது ஒருவித ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் டிரையர் குழாயின் வாயில் எவ்வளவு தூரத்தில் எத்தனை டிகிரி நிற்கும் என்பது பஸ் டிரைவருக்குத் தெரிகிற விஷயம் இல்லை. ஆணி எங்கே அடித்தால் ஆய்வாளர் தலையாட்டுவார் என்பது சலவைக்கூடத்துக்குத் தெரிகிற விஷயம் இல்லை. இரண்டும் ஒரே சாப்பாட்டு மேஜையில் பேசப்பட்டவை. அன்றைக்கு அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

மாலையில் ஸ்டீமக்கா வந்தபோது மேஜை மேல் தெர்மாமீட்டரும் மூன்றாவது ஆணியும் இருந்தன. அவர் இரண்டையும் பார்த்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார், வழக்கம்போல ஜன்னலைத் திறந்தார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடிக்க உட்கார்ந்தார்.

"தெரிஞ்சே செஞ்சியா?"

"ஆமா."

மறுப்பாள், அழுவாள், தம்பி மேல் பழி போடுவாள் என்று நினைத்து அதற்கெல்லாம் மைனஸ் பகல் முழுக்கப் பதில் தயாரித்து வைத்திருந்தார். ஆமா என்றால் என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

"டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேன்."

"குளிர் ஊர் ஆகாதுன்னு சொன்னாரா இல்லையா?"

ஒரு தலையணை உறை நான்காக மடிந்தது. "சொன்னார்."

"அப்புறம்?"

"அந்தக் கடலோர ஊர்ல நாளெல்லாம் ஆவியில நின்னுட்டு வெளிய வந்தா, வெளியவும் வேர்க்கும். வீட்டுக்கு வந்தா நீங்க ஜன்னலைச் சாத்துவீங்க. இன்னும் பத்தொம்பது வருஷம். எனக்குன்னு காத்து எப்பங்க வரும்?"

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. குமிழ் எங்கன்னு கேட்டேன். கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"ஃபேன் குமிழும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்."

மைனஸ் தெர்மாமீட்டரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார். "பொய்யா அனுப்பியிருக்கீங்க அக்காவும் தம்பியும். இத்தனை மாசம், ஒரு நாள் விடாம!"

"எது பொய்? அங்க இருபத்தாறுன்னு காட்டுச்சு. அங்க இருபத்தாறுதான். அது தொங்குற இடத்தோட உண்மையைத்தான் சொல்லும்னு சொல்லிக் கொடுத்தவர் நீங்க."

"அது மீன் பெட்டி!" என்றார் மைனஸ். இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தார். விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி இருந்தன. "இது என் கை."

ஸ்டீமக்கா மடித்துக்கொண்டிருந்த துணி பாதியில் நின்றது. எழுந்து போய், திறந்திருந்த ஜன்னலைத் தானே சாத்தினார். பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

மைனஸ் அதைத் தொடவில்லை. தொட்டால் ஊரை ஒப்புக்கொண்டதாகிவிடும். திரும்பிப் போகவும் முடியாது. வேலை மனைவியுடையது, விசாவும் மனைவியுடையது. தெற்கத்திய ஊருக்கு இனி எழுதினாலும் பயனில்லை. அங்கே வேறு யாரோ அந்த உருளைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள்.

மறுநாளிலிருந்து மைனஸ் தன் பங்குக்கு ஆய்வைத் தொடங்கினார். காலை ஏழு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே தொங்கும் தெர்மாமீட்டரைப் படம் எடுத்து மனைவியின் ஃபோனுக்கு அனுப்புவார். மனைவி அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருப்பார். டிங் என்று சத்தம் கேட்கும். இரண்டு. மறுநாள் ஒன்று. அதற்கடுத்த நாள் மைனஸ் இரண்டு. குளிர் அவர் பெயரைக் கண்டுபிடித்து அவரைத் தேடி வந்துவிட்டது. எழுத்தில் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டார். ஸ்டீமக்காவும் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார், பதில் போட மாட்டார்.

அனுப்பி முடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போவார். கையுறை இல்லாத கைகளை வலைக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார். தன்னை ஏமாற்றிய அதே காற்றுதான். ஆனால் ஊரில் வெளியே நின்று கையைக் காட்ட வேறு இடம் இல்லை. பூனை முதல் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தது, மூன்றாம் நாள் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. மேலே மாடிப்படியில் மச்சான் இறங்குகிற சத்தம் வரும், அவரைப் பார்த்ததும் ஏறுகிற சத்தம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது, ஸ்டீமக்காவுக்கு அன்று வேலை. மைனஸ் படம் எடுக்கவில்லை. எந்த ஆய்வும் அன்று கிடையாது என்பதை அவர் கொள்கையாகவே வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைகளை அக்குளில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இஸ்திரிப் பெட்டி புஸ் புஸ்ஸென்றது. விடிந்ததும் விடியாததுமாக வீட்டிலும் இவளுக்கு இஸ்திரியா என்று நினைத்தார்.

ஸ்டீமக்கா வந்து ஒரு தடித்த துண்டை மேஜை மேல் வைத்தார். ஆஸ்பத்திரி மடிப்பு, ஓரம் ஓரத்தோடு பொருந்தி நான்காக இருந்தது. உள்ளிருந்து லேசாக ஆவி வந்தது. மைனஸ் திரும்பவில்லை. வாசல் கதவு சாத்தப்பட்டது. படியில் காலடிச் சத்தம் இறங்கி, தெருவில் தேய்ந்து, இல்லாமல் போனது.

மைனஸ் கைகளை அக்குளிலிருந்து எடுத்தார்.

பிறகு எழுந்து, ஜன்னலைத் திறந்து, தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, துண்டின் மடிப்புக்குள் செருகினார். இந்த வீட்டிலிருந்து வருகிற எதையும் அளக்காமல் நம்புவதாக இல்லை. சிவப்புக் கோடு ஏறி நிற்கிற வரை காத்திருந்தார். நாற்பத்தொன்று.

படம் எடுத்தார். அனுப்பவில்லை. தெர்மாமீட்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் துண்டுக்குள் விட்டுக்கொண்டார்.